மணி ஒலிப்பது முதல் லைன் விடுபடுவது வரை: டயல்-அப் சர்வரின் மென்பொருளை அமைத்தல்

தொலைபேசி வழியாக வரும் அழைப்பை மோடம் கொண்டு எடுத்து, அழைத்தவர் யார் என்பதை உறுதி செய்துகொண்டு, அவருடைய கணினிக்கு ஓர் ஐபி முகவரியை வழங்கி, உள் வலையமைப்போடு சேர்த்துவிடும் கணினியே டயல்-அப் தொலை அணுகல் சர்வர் எனப்படுகிறது. 1990களில் இணையச் சேவை நிறுவனங்கள் இத்தகைய சர்வர்களைக் கொண்டே இயங்கின. லிவிங்ஸ்டன் நிறுவனத்தின் போர்ட்மாஸ்டர், சிஸ்கோவின் ஏஎஸ்5300 ஆகிய தனிக்கருவிகளும், விண்டோஸ் என்டி சர்வருடன் வந்த ராஸ் மென்பொருளும் அன்று பெயர் பெற்றிருந்தன. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமே 2025 செப்டம்பர் 30 அன்று தன் டயல்-அப் சேவையை முடித்துக்கொண்ட நிலையில், பொதுமக்களுக்கான இணைய வழியாக இதற்கு இனி இடமில்லை. ஆனால் முதன்மை இணைப்பு அறுந்துபோகும் வேளையில் ரூட்டரைச் சரிசெய்வதற்கான மாற்றுவழியாகவும், மோடம் தவிர வேறெதையும் அறியாத பழைய இயந்திரங்களோடு பேசுவதற்கும், பழங்கணினிகளை இயங்கும் நிலையில் வைத்திருக்க விரும்புவோருக்கும் இது இன்றும் தேவைப்படுகிறது.

இந்த அத்தியாயம் லினக்ஸ் கணினியில் இரண்டு மென்பொருள்களைக் கொண்டு இதை அமைக்கும் முறையைக் கூறுகிறது. முதலாவது, கெர்ட் டோரிங் எழுதிய எம்கெட்டி. இது மணியைக் கவனித்து அழைப்பை எடுக்கிறது. இரண்டாவது பிபிபிடி, இது பிபிபி என்னும் நெறிமுறையின்படி, அதாவது இரு முனைகளை மட்டும் இணைக்கும் தொடர் இணைப்பில் ஐபி தரவை அனுப்புவதற்கான விதிகளின்படி, அழைத்தவரோடு பேசுகிறது. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்புக்கேற்பத் தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை அவற்றுக்குரிய ஆங்கில வடிவிலேயே தட்டச்சிட வேண்டும்.

அமைக்கத் தொடங்குபவர் பெரும்பாலும் "இணைப்பு கிடைக்கிறதா" என்பதிலேயே கவனத்தைச் செலுத்துகிறார். உண்மையில் இம்மென்பொருள்களின் அம்சங்களில் பெரும்பகுதி, யாரை உள்ளே விடுவது, லைனை எப்போது விடுவிப்பது என்னும் இரண்டையும் பற்றியவை. இணைப்பு கிடைப்பது அவற்றுள் எளிய பகுதி. ஓர் அழைப்பு எந்த வரிசையில் நடக்கிறதோ அதே வரிசையில் ஒவ்வொரு படியாக அமைத்து, ஒரு படி சரியாக இயங்குவதைக் கண்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்வது நல்லது.

தொடங்குவதற்கு முன்

தேவையானவை: லினக்ஸ் நிறுவப்பட்ட ஒரு கணினி, அதில் ஒரு சீரியல் போர்ட், வெளியே வைக்கும் வகையைச் சேர்ந்த ஒரு சீரியல் மோடம், பிறர் பேசப் பயன்படுத்தாத ஒரு தொலைபேசி லைன். கணினிக்குள் பொருத்தப்படும் மலிவான 'வின்மோடம்' வகையைத் தவிர்க்க வேண்டும். அதன் வேலையில் பெரும்பகுதியை விண்டோஸ் இயக்கியே செய்வதால் லினக்ஸில் அது பெரும்பாலும் வெறும் அட்டையாகவே கிடக்கும். வெளி மோடத்தின் முகப்பில் உள்ள சிறு விளக்குகளுக்காகவே அதை வாங்கலாம். டிஆர் விளக்கு கணினி தயாராக இருப்பதையும், ஓஎச் விளக்கு லைன் எடுக்கப்பட்டிருப்பதையும், சிடி விளக்கு மறுமுனை மோடத்தோடு இணைப்பு நிலைத்திருப்பதையும் காட்டுகின்றன. பின்னால் வரும் சிக்கல்களில் பாதியை இம்மூன்று விளக்குகளைப் பார்த்தே தீர்த்துவிட முடியும்.

வேகத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே களைந்துவிட வேண்டும். மோடத்தின் பெட்டியில் 56 கே என்று அச்சிட்டிருந்தாலும், சர்வர் முனையிலும் சாதாரணத் தொலைபேசி லைனே இருக்குமானால் நொடிக்கு 33.6 கிலோபிட்டுக்கு மேல் கிடைக்காது. 1998இல் வந்த வி.90 தரம், சர்வர் முனை தொலைபேசி நிலையத்தோடு டிஜிட்டல் முறையில் இணைந்திருப்பதை அடிப்படையாகக் கொண்டது. இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே கம்பியில் 30 அழைப்புகளைச் சுமக்கும் பிஆர்ஐ லைன்களை வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

*பாதுகாப்பு:* தொலைபேசி லைனில் எப்போதும் சுமார் 48 வோல்ட் நேர் மின்னழுத்தம் இருக்கும். மணி ஒலிக்கும்போது 75 முதல் 90 வோல்ட் வரையிலான மாறு மின்னழுத்தம் பாயும். ஆகவே கம்பியைச் சீவி இணைக்கும் வேலையை, லைனைச் சுவர்ப் பெட்டியிலிருந்து கழற்றிய பிறகே செய்ய வேண்டும். இடி மின்னல் காலத்தில் மோடம் வழியாகச் சர்வரே எரிந்துபோவது உண்டு என்பதால், லைனுக்குரிய மின்னெழுச்சித் தடுப்பியைப் பொருத்தி அதன் எர்த்தை முறையாக இணைக்க வேண்டும். எர்த் இல்லாத தடுப்பியால் பயன் இல்லை.

அலுவலக வலையமைப்பில் இதை அமைப்பவர், பொறுப்பாளரின் எழுத்துவழி அனுமதியைப் பெற்ற பின்னரே லைனைச் செருக வேண்டும். ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும் வழி ஒன்றை அவர் திறக்கிறார் என்பதை மறக்கலாகாது.

படி ஒன்று: மோடத்தைத் தயார் செய்தல்

மினிகாம் போன்ற ஒரு முனைய நிரலைத் திறந்து, மோடத்தோடு நேரடியாகப் பேசிப் பின்வரும் ஏடி கட்டளைகளை வரிசையாகத் தர வேண்டும்.

1. 'ஏடி&எஃப்' கட்டளையால் மோடத்தை ஆலை அமைப்புக்குக் கொண்டுவரவும். யுஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடங்களில் '&எஃப்1' என்று தந்தால், வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடும் சேர்ந்து அமையும். மோடமும் கணினியும் ஒன்றை மற்றொன்று தனிக் கம்பிகளின் வழியாக நிறுத்தி நிறுத்தித் தரவு வாங்கிக்கொள்ளும் முறையே இந்தக் கட்டுப்பாடு.

2. 'எஸ்0=0' தந்து, மோடம் தானாக அழைப்பை எடுப்பதை நிறுத்தவும். அழைப்பை எடுக்க வேண்டியது எம்கெட்டி. மோடமே எடுக்கும்படி விட்டுவிட்டால், சர்வர் உறைந்து கிடக்கும் நேரத்திலும் மோடம் லைனை எடுத்துவிடும். அழைத்தவருக்குக் கட்டணம் ஓடும், எதிர்முனையில் பதில் சொல்ல எவரும் இருக்கமாட்டார்.

3. '&சி1' தரவும். மறுமுனையின் சைகை இருக்கும்போது மட்டும் டிசிடி கம்பி உயர்ந்திருக்கும்.

4. '&டி2' தரவும். கணினி டிடிஆர் கம்பியைத் தாழ்த்திய உடனே மோடம் லைனை வைத்துவிடும்.

5. '&டபிள்யூ' தந்து இவற்றை மோடத்தின் நினைவகத்தில் சேமிக்கவும்.

மூன்றாவதும் நான்காவதும் அற்பமானவையாகத் தோன்றலாம். பிந்தைய பகுதியில் பேசப்படும் துண்டிப்பு முழுவதும் அவற்றின் மீதே நிற்கிறது.

*குறிப்பு:* சீரியல் போர்ட்டின் வேகத்தை 115200 என்றே வைக்க வேண்டும். மோடம் தன்னளவில் தரவைச் சுருக்கி அனுப்புவதால், கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம் லைனின் வேகத்தைவிடக் கூடுதலாக இருந்தாலொழிய அச்சுருக்கத்தின் பயன் கிடைக்காது.

படி இரண்டு: அழைப்பை எடுத்தல்

எம்கெட்டியை நிறுவியதும் அதன் அமைப்புக் கோப்புகளான எம்கெட்டி.கான்ஃபிக், லாகின்.கான்ஃபிக், டயலின்.கான்ஃபிக் ஆகிய மூன்றும் ஒரே கோப்பகத்தில் கிடைக்கும்.

1. எம்கெட்டி.கான்ஃபிக் கோப்பில், மோடம் செருகப்பட்ட போர்ட்டின் பெயரையும் அதன் வேகத்தையும் எழுதவும். 'டேட்டா-ஒன்லி' அமைப்பை இயக்கி, தொலைநகல் வாங்கும் வசதியை நீக்கவும். 'ரிங்ஸ்' மதிப்பை 2 என வைக்கவும். அழைப்பவரின் எண், பல இடங்களில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில்தான் வந்து சேரும்.

2. லாகின்.கான்ஃபிக் கோப்பில் 'ஆட்டோபிபிபி' என்று தொடங்கும் வரியைத் தேடவும். அது பெரும்பாலும் முன்னே ஒரு '#' குறியிட்டு முடக்கப்பட்டிருக்கும், அக்குறியை அழிக்கவும். அழைத்தவரின் கணினி பிபிபியின் முதல் சட்டகத்தை அனுப்பியதுமே எம்கெட்டி அதை அடையாளம் கண்டு, பயனர்பெயர் கேட்காமல் லைனைப் பிபிபிடியிடம் ஒப்படைத்துவிடும் வசதியே இது.

3. அதே கோப்பின் இறுதியில், நட்சத்திரக் குறியோடு தொடங்கி 'லாகின்' நிரலை அழைக்கும் ஒரு வரி இருக்கும். முனையம் வழியாக வருபவருக்கு ஷெல் தரும் வரி அது. அத்தேவை இல்லாதவர், லாகின் நிரலின் இடத்தில், தொடங்கியவுடனே முடிந்துபோகும் 'ஃபால்ஸ்' நிரலைக் குறிப்பிடவும்.

4. எம்கெட்டி ஒவ்வோர் அழைப்பு முடிந்ததும் மறைந்துவிடும் இயல்புடையது. ஆகவே அது மறைந்தவுடன் மீண்டும் தொடங்கும்படி, பழைய கணினிகளில் இனிட்டேப் கோப்பில் 'ரீஸ்பான்' என்றும், புதியவற்றில் சிஸ்டம்டி சேவையில் 'ரீஸ்டார்ட்' எப்போதும் என்றும் அமைக்கவும்.

ஷெல், பிபிபி என்ற இந்த இரு வாசல்களும் புதியவை அல்ல. விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, சென்னை உள்ளிட்ட நகரங்களில் அது விற்ற ஷெல் கணக்கும் டிசிபி/ஐபி கணக்கும் இந்த இரு வாசல்களே. முன்னதில் எழுத்துத் திரை மட்டும் கிடைத்தது, பின்னதில் பயனரின் கணினியே இணையத்தில் ஓர் உறுப்பானது.

டயலின்.கான்ஃபிக் கோப்பில், எந்த எண்களிலிருந்து வரும் அழைப்பை எடுக்கலாம் என்று பட்டியலிட முடியும். பட்டியலில் இல்லாத எண் அழைத்தால் மணி ஒலித்துக்கொண்டே இருக்கும், எவரும் எடுக்கமாட்டார். எண்களை வரிசையாகச் சுழற்றி மோடம் எதுவும் பதிலளிக்கிறதா என்று தேடும் பழக்கம் பழையது; அதற்கு 'வார் டயலிங்' என்ற பெயரைத் தந்ததே 1983இல் வெளிவந்த 'வார்கேம்ஸ்' திரைப்படம். அத்தகைய தேடலில் சிக்காமல் இருக்க இந்தப் பட்டியல் பெரிதும் உதவும். ஆனால் அழைப்பவர் எண்ணைப் பொய்யாகக் காட்ட முடியும் என்பதால் இதைச் சல்லடையாக மட்டுமே கொள்ள வேண்டும், அடையாளச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அதே காரணத்தால், இணைந்தவுடன் தோன்றும் வரவேற்பு வரியில் நிறுவனத்தின் பெயரையோ மென்பொருளின் பதிப்பையோ எழுதாமல் விடுவது நல்லது.

படி மூன்று: அழைத்தவரை அடையாளம் காணல்

பிபிபி இரண்டு அடிப்படை முறைகளைத் தருகிறது. பாப் முறையில் அழைப்பவர் தன் கடவுச்சொல்லை அப்படியே லைனில் அனுப்புகிறார். சாப் முறையில் சர்வர் ஒரு தற்செயல் எண்தொடரை அனுப்ப, அழைப்பவரின் கணினி அதையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கணக்கிட்ட விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. கடவுச்சொல் லைனில் செல்வதே இல்லை.

இதைக் கொண்டு சாப் எப்போதும் மேலானது என்று பல கையேடுகள் முடித்துவிடுகின்றன. அதன் விலை வேறிடத்தில் இருக்கிறது. விடையைச் சரிபார்ப்பதற்குச் சர்வருக்கும் அதே கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். எனவே அது சாப்-சீக்ரெட்ஸ் கோப்பில் மறைக்கப்படாத வடிவில் கிடக்கும். பாப் முறையிலோ 'லாகின்' அமைப்பைச் சேர்த்து, லினக்ஸ் கணக்குகளின் மறைகுறியாக்கப்பட்ட கடவுச்சொற்களையே பயன்படுத்த முடியும். ஒரு முறை லைனில் கசியும், மற்றது வட்டில் கசியும். ஐந்தாறு பயனர்கள் மட்டுமே கொண்ட சிறிய சர்வருக்கு, வேறெங்கும் பயன்படாத நீண்ட கடவுச்சொற்களோடு சாப் முறையையே தேர்ந்தெடுப்பது பொருத்தமானது.

1. எம்கெட்டியோடு வரும் மாதிரி ஆட்டோபிபிபி வரி, சாப்பை விலக்கிப் பாப்பைக் கட்டாயமாக்குவதாக அமைந்திருக்கும். அதில் உள்ள இரண்டு குறிப்புகளையும் 'லாகின்' சொல்லையும் நீக்கிவிட்டு, 'ரிக்வயர்-சாப்' என்று எழுதவும்.

2. பிபிபி கோப்பகத்தில் உள்ள ஆப்ஷன்ஸ் கோப்பில் 'ஆத்' என்ற சொல்லைத் தனி வரியாக எழுதவும். 'நேம்' என்ற சொல்லோடு சர்வருக்கு ஒரு பெயரும் தரவும்.

3. சாப்-சீக்ரெட்ஸ் கோப்பில் ஒரு பயனருக்கு ஒரு வரியாக, பயனர்பெயர், சர்வரின் பெயர், கடவுச்சொல், அனுமதிக்கப்பட்ட ஐபி முகவரி என நான்கு பத்திகளை இந்த வரிசையில் எழுதவும். இரண்டாம் பத்தியும் 'நேம்' வரியில் தந்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

4. அக்கோப்பை ரூட் பயனர் மட்டும் படிக்கும்படி, அனுமதி எண் 600 என மாற்றவும்.

*அடிக்கடி நேரும் தவறு:* வெளியே அழைப்பதற்கான மாதிரி அமைப்பு ஒன்றை எங்கிருந்தோ நகலெடுத்துச் சர்வரில் ஒட்டிவிடுவது. இணையச் சேவைக்கு அழைப்பவர், மறுமுனை தன்னை நிரூபிக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஆதலால் அத்தகைய அமைப்புகளில் 'நோஆத்' என்ற சொல் அநேகமாக இருக்கும். சர்வரில் அச்சொல் இருந்தால் எண்ணை அறிந்த எவரும் கடவுச்சொல்லின்றி உள்ளே வரலாம். எல்லாம் சரியாக வேலை செய்வதுபோலவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. தவறான கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்த்து, இணைப்பு மறுக்கப்படுவதைக் கண்ணால் கண்ட பின்னரே இப்படியை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

*பாதுகாப்பு:* பிபிபிடியின் 2.4.2 முதல் 2.4.8 வரையிலான பதிப்புகளில், ஈஏபி என்னும் மற்றோர் அடையாள முறையைக் கையாளும் பகுதியில் ஒரு கடும் பிழை இருந்தது 2020இல் வெளிப்பட்டது. கடவுச்சொல் தெரியாதவரும் அதைப் பயன்படுத்திச் சர்வரைக் கைப்பற்ற இயலும். ஈஏபியை இயக்காமல் விட்டிருந்தாலும் இந்த ஆபத்து நீங்காது. ஆகவே 2.4.9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போ, லினக்ஸ் வெளியீட்டாளர் திருத்தம் சேர்த்துத் தந்த பதிப்போ நிறுவப்பட்டிருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

படி நான்கு: முகவரி வழங்கல்

1. உள் வலையமைப்பின் முகவரிகளில், டிஎச்சிபி சர்வர் தானாகப் பங்கிடும் வரம்புக்கு வெளியே உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். எடுத்துக்காட்டாக, அவ்வரம்பு 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்றால் 192.168.1.201ஐ எடுத்துக்கொள்ளலாம்.

2. ஆப்ஷன்ஸ் என்ற பெயருக்குப் பின் ஒரு புள்ளியும் போர்ட்டின் பெயரும் சேர்ந்த ஒரு கோப்பை உருவாக்கி, அதில் சர்வரின் முகவரி, முக்காற்புள்ளி, அழைப்பவருக்குரிய முகவரி ஆகியவற்றை இடைவெளியின்றி ஒரே வரியில் எழுதவும்.

3. 'ப்ராக்ஸிஆர்ப்' அமைப்பைச் சேர்க்கவும். அழைப்பவரின் முகவரியை உள் வலையமைப்பில் எவரேனும் தேடினால், "அது என்னிடம் இருக்கிறது" என்று சர்வர் அவர் சார்பில் பதில் சொல்லும்.

4. 'எம்எஸ்-டிஎன்எஸ்' அமைப்பில் பெயர்ச் சர்வரின் முகவரியைத் தரவும்.

5. லினக்ஸ் கருவில் ஐபி ஃபார்வர்டிங் வசதியை இயக்கவும். இல்லாவிட்டால் அழைத்தவர் சர்வரைத் தாண்டி எங்கும் செல்ல இயலாது.

இங்கே ஒரு நுட்பமான பொறி உண்டு. சாப்-சீக்ரெட்ஸ் கோப்பின் நான்காம் பத்தியைப் பலர் வெற்றிடமாக விட்டுவிடுகின்றனர். வெற்றிடம் என்றால் எந்த முகவரியும் ஆகலாம் என்று பொருளல்ல, எந்த முகவரிக்கும் அனுமதியில்லை என்று பிபிபிடி கொள்கிறது. லாகில் சாப் அடையாளச் சோதனை வென்றதாகவே இருக்கும். அடுத்த வரிகளிலேயே, தொலைமுகவரியைப் பயன்படுத்த அழைத்தவருக்கு அனுமதியில்லை என்ற செய்தி வந்து இணைப்பு அறுந்துபோகும். கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்து நேரம் போக்காமல், அப்பத்தியில் ஒரு நட்சத்திரக் குறியையோ உரிய முகவரியையோ எழுதினால் போதும். ஒவ்வொரு பயனருக்கும் எப்போதும் ஒரே முகவரி வேண்டுமென்றால், போர்ட் கோப்பில் அழைப்பவரின் முகவரியை விட்டுவிட்டு, இந்த நான்காம் பத்தியில் ஒரே முகவரியை எழுதலாம்.

ஃபயர்வால் விதிகளை இணைப்பு கிடைத்தபின் ஓடும் ஐபி-அப் ஸ்கிரிப்டில் வைப்பது பரவலான வழக்கம். அந்த ஸ்கிரிப்ட் முடியும்வரை பிபிபிடி காத்திருப்பதில்லை; விதி வந்து சேர்வதற்குள் தரவு ஓடத் தொடங்கிவிடலாம். ஆகவே பிபிபி என்று தொடங்கும் எல்லா இடைமுகங்களுக்கும் பொருந்தும் விதியைக் கணினி தொடங்கும்போதே நிறுவி, அழைப்பவர் எந்தெந்தக் கணினிகளை மட்டும் அடையலாம் என்று குறுக்கிவிட வேண்டும்.

படி ஐந்து: லைனை விடுவித்தல்

டயல்-அப் சர்வர்களில் நேரும் கோளாறுகளில் மிகுந்த எரிச்சலூட்டுவது, பயன்படுத்துபவர் எவரும் இல்லாமலே லைன் பிடிபட்டுக் கிடப்பது. அழைப்பவர் ஒவ்வொருவருக்கும் எங்கேஜ்டு ஒலி கேட்கும். சர்வர் அருகில் எவரும் இல்லாத மலையுச்சி நிலையமாக இருந்தால், ஆள் அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. இதைத் தடுக்க நான்கு அம்சங்கள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு நிலைமைக்கானது.

1. 'மோடம்' அமைப்பு. அழைத்தவர் லைனை வைத்துவிட்டதை டிசிடி கம்பி தாழ்வதைக் கொண்டு பிபிபிடி அறியவும், தான் முடியும்போது டிடிஆர் கம்பியைத் தாழ்த்தி மோடத்தை லைன் வைக்கச் செய்யவும் இது தேவை. இதற்கு எதிரான 'லோக்கல்' என்ற சொல் எந்த அமைப்புக் கோப்பிலும் இருக்கக் கூடாது. டிசிடியைக் கவனிக்காத சர்வரில், ஒருவர் முறையாக முடிக்காமல் லைனை வைத்துவிட, மோடம் அடுத்த அழைப்பை எடுத்தால், புதிதாக வந்தவர் முந்தையவரின் திறந்த ஷெல்லுக்குள் நேராக நுழைந்துவிடுவார். முனைய அணுகல் தரும் சர்வர்களில் இது வெறும் கோளாறு அல்ல, பாதுகாப்பு ஓட்டை.

2. 'எல்சிபி-எக்கோ' அமைப்புகள். மறுமுனைக் கணினி உறைந்துபோனாலும் அதன் மோடம் சைகையை அனுப்பிக்கொண்டே இருக்கும், டிசிடி தாழாது. ஆகவே குறித்த இடைவெளியில் மறுமுனைக்கு ஒரு வினவல் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளியை 30 நொடி என்றும், பதிலில்லாமல் போகக்கூடிய தடவைகளை 4 என்றும் வைத்தால், சுமார் இரண்டு நிமிடத்தில் லைன் விடுபடும்.

3. 'ஐடில்' அமைப்பு. பயனர் இருக்கிறார், இணைப்பும் நலமாக இருக்கிறது, தரவு மட்டும் ஓடவில்லை என்ற நிலைக்கு இது. 600 என்று எழுதினால் பத்து நிமிட ஓய்வுக்குப் பின் துண்டிக்கும். மேற்கூறிய எக்கோ வினவல்கள் தரவாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆனால் இன்றைய கணினிகள் நேரச் சரிபார்ப்பு, புதுப்பிப்புத் தேடல் என்று தாமாகவே எதையேனும் அனுப்பிக்கொண்டிருப்பதால் ஓய்வு என்பதே வாய்ப்பதில்லை. அவ்வகைத் தரவைக் கணக்கில் சேர்க்காமல் விட 'ஆக்டிவ்-ஃபில்டர்' என்ற வசதி உண்டு.

4. 'மேக்ஸ்கனெக்ட்' அமைப்பு. எந்தக் காரணமும் பாராமல், குறித்த நொடிகள் கழிந்ததும் துண்டித்துவிடும். பராமரிப்புக்கான லைனில் 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம், பொருத்தமான அளவு. மற்ற மூன்றும் பொய்த்துப்போனாலும் இது காப்பாற்றும் என்பதால், வரம்பு தேவையில்லை என்று எண்ணுபவரும் ஒரு பெரிய எண்ணையாவது எழுதி வைக்க வேண்டும்.

அமைத்ததும் மூன்று வகையாகச் சோதிக்க வேண்டும். முதலில் அழைத்தவர் முறையாகத் துண்டிக்கட்டும். அடுத்து, இணைப்பு நடுவே அவர் பக்கத் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கவும். மூன்றாவதாக, அவருடைய மோடத்தைத் தொடாமல், அதன் சீரியல் கம்பிக்கு அப்பால் உள்ள கணினியில் பிபிபி நிரலைத் தற்காலிகமாக உறையச் செய்யவும். மூன்று முறையும் சர்வர் பக்க மோடத்தில் ஓஎச் விளக்கு அணைய வேண்டும், டிஆர் விளக்கு ஒரு கணம் அணைந்து மீண்டும் எரிய வேண்டும். டிஆர் அணைந்தும் ஓஎச் எரிந்துகொண்டே இருந்தால் குற்றம் மோடத்தின் '&டி' அமைப்பில் இருக்கிறது; டிஆரே அணையாவிட்டால் மென்பொருளிலோ, டிடிஆர் கம்பியே இல்லாத மலிவான சீரியல் கேபிளிலோ இருக்கிறது.

திரும்ப அழைக்கும் வசதி

அடையாளம் கண்டதும் லைனை வைத்துவிட்டு, பயனருக்கென முன்பே பதிந்த எண்ணுக்குச் சர்வரே அழைக்கும் வசதி விண்டோஸ் என்டியின் ராஸ் மென்பொருளிலும் இருந்தது. எம்கெட்டியோடு இதற்கான தனி நிரல் ஒன்று வருகிறது. கடவுச்சொல் திருடு போனாலும் திருடியவர் உரியவரின் வீட்டுத் தொலைபேசியருகே இருந்தாக வேண்டும் என்பது இதன் வலிமை. ஒரு பலவீனமும் உண்டு: அழைத்தவர் வைக்கும்வரை லைனை விடாத தொலைபேசி நிலையங்களில், அவர் வைக்காமலே காத்திருந்து போலி டயல் ஒலியைக் கொடுத்தால், சர்வர் வெளியே அழைப்பதாக நம்பி மீண்டும் அவரிடமே பேசிவிடும். திரும்ப அழைப்பதற்கு வேறொரு லைனைப் பயன்படுத்தினால் இதைத் தவிர்த்துவிடலாம். எண்ணை அழைப்பவரே சொல்லும்படி விடும் வகை, கட்டணத்தை மாற்றுவதற்கு மட்டுமே பயன்படும். பாதுகாப்புக்கு அதனால் ஒன்றுமில்லை.

பதிவேடும் ரேடியஸும்

இணைப்பு முடிந்ததும் ஓடும் ஐபி-டவுன் ஸ்கிரிப்டுக்குப் பயனர்பெயர், இணைந்திருந்த நொடிகள், அனுப்பிய பைட்டுகள், பெற்ற பைட்டுகள் ஆகியவற்றைப் பிபிபிடி தருகிறது. அவற்றை ஒரு கோப்பில் சேர்த்து எழுதும் இரண்டு வரி ஸ்கிரிப்டே சிறிய சர்வருக்குப் போதிய பதிவேடாகும்.

சர்வர்கள் இரண்டு மூன்றாகும்போதுதான் ரேடியஸ் தேவைப்படுகிறது. லிவிங்ஸ்டன் நிறுவனம் உருவாக்கிய இந்நெறிமுறை, பயனர் பட்டியலை ஒரே இடத்தில் வைத்து, எல்லாச் சர்வர்களும் அங்கே கேட்டுக்கொள்ளும்படி செய்கிறது. அடையாளத்துக்கு 1812, கணக்குக்கு 1813 என்ற யுடிபி போர்ட்டுகளைப் பயன்படுத்துகிறது. பழைய கருவிகள் 1645, 1646 ஆகியவற்றையே தேடும் என்பதால், பதிலே வராதபோது முதலில் இவ்வெண்களைப் பார்க்க வேண்டும். ரேடியஸ் செய்திகளில் கடவுச்சொல் மட்டுமே மறைக்கப்படுகிறது, ஏனையவை வெளிப்படையாகச் செல்கின்றன. ஆகவே அதை உள் வலையமைப்புக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். சர்வர் திடீரென மின்சாரம் இழந்தால் 'முடிந்தது' என்ற கணக்குச் செய்தி போகாது. ஒரு நேரத்தில் ஓர் இணைப்பு என்ற விதி இருக்குமானால், ஏற்கனவே உள்ளே இருப்பதாகச் சொல்லி உரிய பயனரையே அது மறுத்துவிடும். பழைய பதிவுகளைக் கையால் முடித்துவைக்கும் வழியை அமைப்பவர் முன்பே அறிந்துவைத்திருக்க வேண்டும்.

சோதனையும் பிழை தேடலும்

அலுவலகத்தில் ஈபிஏபிஎக்ஸ் இருந்தால், அதன் இரண்டு எக்ஸ்டென்ஷன்களுக்கு நடுவே கட்டணமின்றிச் சோதிக்கலாம். அதன் டயல் ஒலியைச் சில மோடங்கள் அடையாளம் காணா. அழைக்கும் மோடத்தில் 'எக்ஸ்3' தந்தால் டயல் ஒலிக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். லைன் உண்மையில் இணையவழித் தொலைபேசியாக இருக்குமானால், குரலைச் சுருக்காத ஜி.711 முறையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், ஜி.729 போன்ற சுருக்க முறைகளில் மோடங்களின் சைகை சிதைந்துவிடும். அதன் பின்னும் இணைப்பு அடிக்கடி அறுந்தால், வேகத்தை நொடிக்கு 14,400 பிட்டாகக் குறைத்துப் பார்க்கலாம்.

பிழை தேடுபவர் லாகைக் கீழிருந்து மேலாக அல்லாமல், அழைப்பின் வரிசையில் படிக்க வேண்டும். மணியைக் கண்டதா என்பதை எம்கெட்டியின் லாக் சொல்லும். அடையாளச் சோதனை வென்றதா, முகவரிகள் ஒப்புக்கொள்ளப்பட்டனவா என்பவற்றைப் பிபிபிடியின் செய்திகள் சொல்லும். அழைப்பவரின் கணினியில் 'லைன் தன்மீதே திரும்பி வருகிறது' என்னும் பொருளுடைய செய்தி தோன்றினால், சர்வரில் ஆட்டோபிபிபி வேலை செய்யவில்லை. லாகின் திரை, வந்த எழுத்துகளையே எதிரொலித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது மோடம் சேர்க்கும்போது

ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பு, முதல் லைன் எங்கேஜ்டாக இருந்தால் அடுத்த லைனுக்குத் தாவும் ஹன்டிங் வசதியைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். இவ்வசதி எங்கேஜ்டு லைனை மட்டுமே தாண்டும்; எடுக்கப்படாத லைனைத் தாண்டாது. முதல் மோடம் பழுதானால் எல்லா அழைப்புகளும் அதிலேயே மணியடித்து நிற்கும், மற்ற மோடங்கள் நல்ல நிலையில் இருந்தும் எவரும் உள்ளே வர முடியாது. போர்ட்டின் பெயர் சேர்ந்த 'நோலாகின்' கோப்பை ஈடிசி கோப்பகத்தில் உருவாக்கினால் எம்கெட்டி அந்த லைனை எடுக்காமல் விட்டுவிடும் என்பது, தனி லைனில் இரவு நேரத்தில் சேவையை நிறுத்திவைப்பதற்கு மிக எளிய வழி. ஹன்டிங் குழுவில் அதைச் செய்தால் மேற்கூறிய தொல்லையைத் தானே வரவழைத்துக்கொள்வதாகிவிடும். அங்கே ஒரு மோடத்தை விலக்கிவைக்க வேண்டுமானால், அந்தப் போர்ட்டுக்குரிய எம்கெட்டியை நிறுத்திவிட்டு, முனைய நிரலிலிருந்து 'ஏடிஎச்1' கட்டளையைத் தந்து லைனை எடுத்த நிலையிலேயே வைக்க வேண்டும். பழுதான மோடம் அக்கட்டளைக்கும் பதில் தராவிட்டால், அந்த லைனில் ஒரு சாதாரணத் தொலைபேசியைச் செருகி ரிசீவரை எடுத்து வைத்துவிடலாம்.